மேரி கட்டடம் இருக்கு, உட்கார ஆள் எங்கே?

சம்பாவுக்கு முதல் களை எடுத்து மேலுரம் போட்டாச்சு. ரெண்டு நாளா மழையும் விட்டிருக்கு. இந்தச் சந்துலதான் எழுத நேரம் கிடைக்குது.

போன வாரம் தங்கச்சி பொண்ணு போன் பண்ணுச்சு. டவுன்ல காலேஜ் படிக்குது. "மாமா, பேச்சுப் போட்டிக்குப் பேர் கொடுத்திருக்கேன். இளைஞர்களை அரசியலோடு இணைப்பதில் டிஜிட்டல் தொழில்நுட்பத்தின் பங்கு, இதான் தலைப்பு. நீங்கதான் பிளாக் எல்லாம் எழுதுறீங்களே, நாலு பாயிண்ட் சொல்லுங்க"ன்னு கேட்டுச்சு. சொன்னேன். அரை மணி நேரம் சொன்னேன். "இதை எல்லாம் மேடையில சொன்னா பரிசு கிடைக்காது மாமா"ன்னு சொல்லிட்டு வெச்சிடுச்சு. பரிசு கிடைக்காத அந்த விஷயத்தைத்தான் இங்கே எழுதுறேன்.

அந்தத் தலைப்புலயே ஒரு எண்ணம் ஒளிஞ்சிருக்கு. பசங்களுக்கு அரசியல் மேல அக்கறை இல்லை, போனைக் காட்டித்தான் இழுத்துக்கிட்டு வரணும்கிற எண்ணம். எனக்கு அப்படித் தெரியலை. 2021 சட்டசபைத் தேர்தல்ல புதுச்சேரியில் 80 சதவீதத்துக்கு மேல ஓட்டு விழுந்துச்சு. பெருசுங்க மட்டும் போய்ப் போட்டா அந்தக் கணக்கு வராது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவுல கூடின கூட்டத்தை எந்தக் கட்சியும் லாரி வெச்சு ஏத்திக்கிட்டு வரலை. வாட்ஸ்அப்புலயும் ஃபேஸ்புக்குலயும் சேதி பரவி அவங்களா வந்தாங்க. நம்ம புதுச்சேரியிலும் மாணவர்கள் திரண்டாங்க. 17ஆம் தேதி ஆரம்பிச்சது, 21ஆம் தேதி அவசரச் சட்டம் வந்துடுச்சு. அதுக்கு முன்னாடி 2015 டிசம்பர்ல சென்னை வெள்ளத்துல எந்தத் தெருவுல யாரு மாட்டியிருக்காங்க, எங்கே சோறு இருக்கு, எங்கே படகு இருக்குன்னு கணக்கு வெச்சு வேலை பார்த்ததும் போன் வெச்சிருந்த பசங்கதான்.

எங்க பக்கத்துக் கதையையே சொல்றேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்துலதான் கரை ஏறுச்சு. ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை. என் வயசுக்கு அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. டவுன்ல நகர் நகரா தண்ணி நின்னுச்சு. ஆனா பாகூர் பக்கத்தை அடிச்சது புயல் இல்லீங்க, அதுக்குப் பின்னாடி வந்த தண்ணி. சாத்தனூர் அணை ரொம்பி, டிசம்பர் 2 விடியற்காலையில வினாடிக்கு 1,68,000 கன அடி திறந்து விட்டாங்க. சாத்தனூர் எங்கே இருக்கு, நாங்க எங்கே இருக்கோம். அந்தத் தண்ணி பெண்ணையாத்துல இறங்கி எங்க கிட்ட வந்து சேர நேரம் எடுக்கும். அந்த நேரத்தை எங்களுக்கு வாங்கிக் கொடுத்தது பசங்க கையில இருந்த போன்தான். மேல்பக்கம் யாரோ ஒருத்தர் பாலத்துல தண்ணி எது வரைக்கும் ஏறியிருக்குன்னு படம் புடிச்சுப் போட, அது கை மாறி கை மாறி எங்க ஊர் குரூப்புக்கு வந்துச்சு. மாட்டை அவுத்து மேட்டுக்கு ஓட்டினோம். மோட்டாரைக் கழட்டினோம். விதை மல்லாட்டை மூட்டையை மச்சுல ஏத்தினோம். நெல்லுதான் போச்சு, அதை யாரும் தூக்கிக்கிட்டு ஓட முடியாது. அந்த ராத்திரி ஊரை நடத்தினது இருபது, இருபத்தஞ்சு வயசுப் பசங்க. எவனும் எந்தக் கட்சியிலயும் பொறுப்புல இல்லை.

சரி, தண்ணி வடிஞ்சுது. அதுக்கப்புறம் அதே பசங்க அதே குரூப்புல கேட்க ஆரம்பிச்சாங்க. வடிகால் வாய்க்காலை ஏன் தூர் வாரலை? கரை எந்த இடத்துல பலவீனமா இருக்குன்னு ஊருக்கே தெரியுமே, ஏன் மண்ணு கொட்டலை? நல்ல கேள்விங்கதான். படம் எடுத்துப் போட்டாங்க. குரூப்புல கும்பிடு போடுற பொம்மையும் கோபப்படுற பொம்மையுமா வந்து விழுந்துச்சு. ஒருத்தன் முறையா எழுதி ஒரு அலுவலகத்துக்கு மெயில் அனுப்பினான். "உங்கள் மனு பெறப்பட்டது"ன்னு ஒரு நம்பர் வந்துச்சு. அந்த நம்பர் இன்னும் அவன் போன்ல பத்திரமா இருக்கு. மூணு மாசத்துல அந்த அதிகாரி மாறிட்டார். புதுசா வந்தவர்கிட்ட முதல்லேர்ந்து சொல்லணும். ஆறு மாசத்துல குரூப்புல பிறந்தநாள் வாழ்த்தும் சினிமாவும்தான் மிச்சம்.

இதைப் பசங்க சோம்பேறித்தனம்னு சொல்றவங்க இருக்காங்க. நான் சொல்ல மாட்டேன். அவன் கேள்வியை எடுத்துக்கிட்டுப் போய் நிக்கறதுக்கு ஒரு வாசப்படி வேணும். புதுச்சேரியில் அந்த வாசப்படி இல்லை.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புரியாம இருக்கலாம், அதனால விவரமா சொல்றேன். புதுச்சேரி மாநிலத்துல 5 நகராட்சி, 10 கொம்யூன் பஞ்சாயத்து, 108 கிராமப் பஞ்சாயத்து இருக்கு. பேருக்கு எல்லாம் இருக்கு. ஆனா மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு மெம்பர் கூட இன்னைக்கு எதுலயும் இல்லை. நகராட்சிக்கு 1968ல் தேர்தல் நடந்துச்சு. அடுத்தது 2006ல். நடுவுல 38 வருஷம். கிராமப் பஞ்சாயத்துக்கு 2006ல் நடந்ததுதான் முதல் தேர்தல். அவங்க காலம் 2011ல் முடிஞ்சுது. அதோட சரி. உச்ச நீதிமன்றம் 2018ல் தேர்தலை நடத்துங்கன்னு சொல்லிப் பார்த்துச்சு. 2021 செப்டம்பர்ல மாநிலத் தேர்தல் ஆணையம் தேதியே அறிவிச்சுது. வார்டு ஒதுக்கீட்டுல தகராறு, வழக்கு, திரும்ப அறிவிப்பு, திரும்பத் தகராறுன்னு போய் அப்படியே நின்னுடுச்சு. எல்லாத்தையும் ஆணையர்னு ஒரு அதிகாரி பார்த்துக்கறார்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 2006ல் 18 வயசு ஆனவனுக்கு 2025ல் 37. புதுச்சேரியில் அதுக்குக் கீழே இருக்கிற ஒருத்தரும் தன் தெருவுக்கு ஒரு மெம்பரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போட்டதே இல்லை. எங்க ஊர்ல 24 வயசுப் பையன் ஒருத்தன் என்கிட்ட நிஜமாவே கேட்டான், "வார்டு மெம்பர்னா என்ன வேலை பெரியப்பா?"ன்னு. பஞ்சாயத்துல நிக்க 21 வயசு ஆனா போதும். சட்டசபைக்கும் நாடாளுமன்றத்துக்கும் 25 ஆகணும். அப்படின்னா 21லேர்ந்து 24 வரைக்கும் இருக்கிற ஒரு பிள்ளை, ஆணோ பொண்ணோ, மக்கள்கிட்ட ஓட்டு கேட்டு நிக்கக்கூடிய ஒரே இடம் உள்ளாட்சிதான். அந்த ஒரே கதவைச் சாத்திட்டு, ஆப் போட்டு இளைஞர்களை அரசியலோடு இணைக்கப் போறோம்னு மேடை போட்டுப் பேசுறாங்க.

டவுனுக்கு வந்தா பீச் ரோட்டுல மேரி கட்டடத்தைப் பாருங்க. வெள்ளைக்காரன் கட்டின நகராட்சி மாளிகை, பிரெஞ்சுல மேயர் ஆபீசுக்கு அதான் பேரு. 2014 நவம்பர் மழையில அது பொலபொலன்னு இடிஞ்சு விழுந்துச்சு. பழைய மாதிரியே, தூணு மாறாம, உலக வங்கிக் கடன்ல திரும்பக் கட்டினாங்க. 2021 பிப்ரவரியில் பிரதமர் திறந்து வெச்சார். அழகா இருக்கு, நான் குறை சொல்லலை. சாயங்காலத்துல பசங்க அதுக்கு முன்னாடி நின்னு செல்ஃபி எடுக்கறாங்க. உள்ளே உட்காரத் தேர்ந்தெடுத்த தலைவரும் இல்லை, உறுப்பினர்களும் இல்லை. இடிஞ்ச கட்டடத்தை ஏழு வருஷத்துல எழுப்பிட்டாங்க, அதுக்குள்ள நடக்க வேண்டிய சபையை மட்டும் எழுப்ப முடியலை.

இதுல ஒரு கூத்து, 1880லயே பிரெஞ்சுக்காரன் இங்கே கொம்யூன் பிரிச்சு, ஓட்டுப் போட்டு சபை அமைக்கிற ஏற்பாடு செஞ்சான். அந்தக் காலத்துத் தேர்தல் யோக்கியமா நடந்துச்சுன்னு யாரும் நினைச்சுக்க வேணாம். அடியாள், சாராயம், பெட்டி மாத்தறது எல்லாம் உண்டு, எங்க தாத்தா கதை கதையாச் சொல்வார். ஆனாலும் தெருவுக்கு ஒரு ஆள்னு இருந்தான், திட்டறதுக்காவது.

உள்ளாட்சி இருந்தா மட்டும் எல்லாம் சரியாயிடுமான்னு கேட்பீங்க. ஆகாது. எங்க வரப்புக்கு அந்தப்பக்கம் கடலூர் மாவட்டம். அங்கே கிராம சபைன்னு கூட்டி, அம்பது பேர் கையெழுத்தை வாங்கிட்டு டீ கொடுத்து அனுப்பின கதையும் எனக்குத் தெரியும். 2025 ஜனவரியோட காலம் முடிஞ்சு அங்கேயும் தனி அலுவலர் கைக்குப் பஞ்சாயத்து போயிடுச்சு. இருந்தாலும் அங்கே ஒண்ணு உண்டு. ஒரு பையன் எழுந்திரிச்சு, "போன வருஷம் இந்தக் குட்டையைத் தூர் வாரினதா கணக்குல காட்டியிருக்கீங்க, இதோ படம், பாருங்க"ன்னு போனை நீட்டலாம். அது தீர்மான நோட்டுல ஏறணும்னு கேட்கலாம். அந்த எடத்துல போனுக்கு ஒரு வேலை இருக்கு. தமிழ்நாட்டுல நவம்பர் 1 உள்ளாட்சி தினம்னு வெச்சு கிராம சபை கூட்டச் சொல்லியிருக்காங்க. அதே நவம்பர் 1 நமக்கு விடுதலை நாள். 1954ல் அன்னைக்குத்தான் நிர்வாகம் இந்தியா கைக்கு வந்துச்சு. பீச் ரோட்டுல அணிவகுப்பு நடக்குது, மிட்டாய் கொடுக்கறாங்க.

கதவு இல்லாத ஊர்ல போன் என்ன ஆகுதுன்னும் நாம பார்த்துட்டோம். 2017 ஜனவரியில் அதிகாரிங்க அரசு வேலைக்கு வாட்ஸ்அப், ஃபேஸ்புக் பயன்படுத்தக் கூடாதுன்னு முதலமைச்சர் தரப்புல சுற்றறிக்கை வந்துச்சு. அப்போ துணைநிலை ஆளுநரா இருந்த கிரண் பேடி, சில நாள்லயே அது செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. எது சரி, எது தப்புங்கறதை விடுங்க. அந்தச் சண்டை முழுக்க மேல இருக்கிற ரெண்டு பேருக்கு நடுவுல. குப்பை அள்ளலைன்னு படம் அனுப்பின குடும்பத்தலைவியை யாரும் ஒரு வார்த்தை கேட்கலை. ஆளுநருக்கு நேரா வாட்ஸ்அப்புல புகார் போய், சனிக்கிழமை அவங்க சைக்கிள்ல வந்து நின்னா பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. சில ஏரி, வாய்க்கால்ல வேலையும் நடந்துச்சு, அதை மறைக்கக் கூடாது. ஆனா அவங்க போனதும் அந்த நம்பரும் போச்சு. ஒரு ஆளோட நல்ல மனசை நம்பி இருக்கிறது மனுப் போடுறதுதான். அதை அரசியல் பங்கேற்புன்னு எப்படிச் சொல்றது?

அப்புறம் 2021 தேர்தல் நேரம். தொகுதி வாரியா, பூத் வாரியா வாட்ஸ்அப் குரூப்புல சேரச் சொல்லி வாக்காளர்களுக்குக் குறுஞ்செய்தி வந்துச்சு. ஆதாரோட இணைச்ச நம்பருக்குத்தான் இது வருது, இந்த நம்பர் எல்லாம் எப்படிக் கிடைச்சதுன்னு கேட்டு, ஜனநாயக வாலிபர் சங்கத்துக்காரங்க பாஜக மேல சென்னை உயர் நீதிமன்றத்துல வழக்குப் போட்டாங்க. எங்க தொண்டர்கள் வீடு வீடாப் போய் வாங்கின நம்பர்னு சொல்லி அந்தக் கட்சி மறுத்துச்சு. நீதிமன்றம் இது சாதாரணப் புகார் இல்லைன்னு எடுத்துக்கிட்டு ஆதார் ஆணையத்தை விசாரிக்கச் சொன்னுச்சு. எந்தக் கட்சியா இருந்தாலும் இதான் நடக்கும். கட்சிக்கு நம்ம பூத் தெரியும், தெரு தெரியும், நம்பர் தெரியும். நமக்கு நம்ம தெரு சாக்கடைக்கு யாரு பொறுப்புன்னு தெரியாது. டிஜிட்டல் இணைப்புன்னா இப்போதைக்கு இங்கே இதுதான். மேலேர்ந்து கீழே தண்ணி தானா ஓடும், கீழேர்ந்து மேலே ஏத்தத்தான் மோட்டார் வேணும். விவசாயிக்கு இதைச் சொல்லித் தர வேணாம்.

சாக்கடைன்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. 2024 ஜூன் 11. டவுனை ஒட்டி ரெட்டியார்பாளையம் புதுநகர்ல, பாதாள சாக்கடையிலேர்ந்து விஷவாயு வீட்டுக் கழிவறை வழியா ஏறி மூணு பேர் செத்தாங்க. அதுல ஒண்ணு பள்ளிக்கூடம் போற பொண்ணு. நாத்தம் வருதுன்னு முன்னாடியே சொன்னோம்னு தெருக்காரங்க அன்னைக்குப் பேட்டி கொடுத்தாங்க. அந்தத் தெருவுல போன் இல்லாத வீடு இருந்திருக்கும்னு நான் நம்பலை. புகார் சொல்ல ஆப், இலவச நம்பர், முகநூல் பக்கம் எல்லாமே இருக்கிற காலம். அங்கே ஒரு கவுன்சிலர் இருந்து, அவரும் அதே தெருவுல அதே நாத்தத்தை மோந்துக்கிட்டு, அடுத்த தேர்தல்ல அதே வீட்டுக் கதவைத் தட்டி ஓட்டு கேட்க வேண்டியவரா இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? அவரும் ஒண்ணும் செய்யாமப் போயிருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனா கேட்கறதுக்கு ஒரு முகம் இருந்திருக்கும்.

புதுச்சேரிக்கு இது புதுப் பாடம் இல்லை. 1934ல் வ.சுப்பையா "சுதந்திரம்"னு பத்திரிகை ஆரம்பிச்சப்போ அவருக்கு வயசு இருபத்தஞ்சுக்குள்ள. அந்தக் காலத்து வாட்ஸ்அப்புன்னு வெச்சுக்கங்களேன். ஒருத்தர் வாங்கி, பத்துப் பேருக்குப் படிச்சுக் காட்டுவாங்க. ஆனா பத்திரிகையைப் படிச்சு உணர்ச்சிவசப்பட்டதோட நிக்கலை. ஆலை வாசல்ல தொழிலாளர்கள் கூடினாங்க, சங்கமா நின்னாங்க. 1936 ஜூலை 30 துப்பாக்கிச் சூட்டுல 12 பேர் செத்தாங்க. அடுத்த வருஷம் எட்டு மணி நேர வேலை சட்டமாச்சு. சேதியைக் கொண்டுபோறது பத்திரிகை. சேதி போய்ச் சேர ஒரு சங்கம் இருந்துச்சு. இப்போ சேதி மின்னல் வேகத்துல போகுது, போய்ச் சேர எடம் இல்லாம அந்தரத்துல சுத்துது. மெரினாவுல கூடினவங்க கலைஞ்ச பிறகு ஒரு ஊர்லயாவது ஒரு சங்கமா நிலைச்சிருந்தா வேற மாதிரி இருந்திருக்கும்.

அதுக்காகத் தேர்தல் வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உட்காரச் சொல்லலை. 2025ல் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்துச்சு. நவம்பர் 4லேர்ந்து வீடு வீடா படிவம் கொடுத்தாங்க. இருபது வருஷத்துக்கு மேல பழசான பட்டியல்ல உன் பேரு எங்கே, இல்லைன்னா உன் அப்பா, அம்மா பேரு எங்கேன்னு தேடி எழுத வேண்டியிருந்துச்சு. கண்ணு தெரியாத கிழவிங்க எங்கே போய்த் தேடுவாங்க? எங்க ஊர்ல மாரியம்மன் கோயில் திண்ணையில ரெண்டு பொண்ணுங்களும் ஒரு பையனும் சாயங்காலம் போனை வெச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க. பேரு தப்பா இருக்கும், வீட்டு நம்பர் மாறியிருக்கும், கட்டிக்கொடுத்த பொண்ணு பேரு பொறந்த ஊர்ல இருக்கும். பொறுமையாத் தேடி எடுத்துக் கொடுத்தாங்க. "நீ கலெக்டராப் போவடி"ன்னு ஒரு ஆயா கன்னத்தை வழிச்சு நெட்டி முறிச்சுச்சு. தங்கச்சி பொண்ணுக்கு நான் சொன்ன முதல் பாயிண்ட் இதுதான். தொழில்நுட்பம் பெருசா ஒண்ணும் இல்லை, ஒரு தேடுற பெட்டிதான். ஆனா அந்த மூணு பிள்ளைங்களுக்கு இப்போ ஊர்ல எத்தனை ஓட்டு, யார் செத்தவர், யார் வெளியூர் போனவர்னு எல்லாம் அத்துப்படி. ஒரு மெம்பருக்குத் தெரிய வேண்டிய பாதி விஷயம் அது.

ரெண்டாவது, ஏரி. புதுச்சேரிப் பகுதியில 84 ஏரி. எங்க பாகூர் ஏரிக்கு சொர்ணாவூர் அணைக்கட்டுலேர்ந்து பங்காரு வாய்க்கால்ல தண்ணி வரணும். 1999ல் ஐரோப்பிய யூனியன் பணத்துல ஏரி சீரமைப்புத் திட்டம் வந்தப்போ ஏரிக்கு ஏரி சங்கம் ஆரம்பிச்சாங்க. எங்க பசங்க சங்கத்துல சேர்றதில்லை, பெருசுங்க சமாச்சாரம்னு விட்டுட்டாங்க. இந்த வருஷம் ஒரு வேலை கொடுத்திருக்கேன். மழைக்கு முன்னாடி ஒண்ணு, மழைக்கு நடுவுல ஒண்ணு, வடிஞ்ச பிறகு ஒண்ணுன்னு வாய்க்கால்ல அதே பத்து எடத்துல நின்னு படம் எடுக்கணும். தேதியோட, எடத்தோட. அதை குரூப்புல கொட்டாம ஒரு நோட்டு மாதிரி சேர்த்து வைக்கணும். குரூப்புல போட்டா மறுநாள் காணாமப் போயிடும். முதல் சுற்றுப் படம் முடிஞ்சுது. ரெண்டாவதுக்கு மழை வரட்டும்னு காத்திருக்காங்க. எடுக்கப் போறப்போ மதகு எது, கலிங்கு எதுன்னு கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கறாங்க, அது எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

2026ல் சட்டசபைத் தேர்தல். வேட்பாளருங்க வருவாங்க, கூடவே வீடியோ எடுக்க ஆளும் வரும். இந்தத் தடவை எங்க பசங்களும் போனைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கப் போறாங்க. யார் வந்தாலும், எந்தக் கொடியா இருந்தாலும் முதல்ல கேட்கறது ஒரே கேள்வி: ஜெயிச்சா உள்ளாட்சித் தேர்தலை எந்த மாசம் நடத்துவீங்க? "விரைவில்"னு சொன்னா விடக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். மாசமும் வருஷமும் வாயால சொல்லணும், சொன்னதை அப்படியே பதிவு பண்ணணும்.